பியானோ படத்தின் இரண்டாம் பாதி

2024 ஜூலை 1, திங்கள்

மதன் டிக்கெட் போட்டுவிட்டான். பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு ஹைதராபாத் ரயில். போவதற்கு மட்டும்தான் டிக்கெட்.

"ஆடி பொறந்துட்டா குடி போகக் கூடாதுன்னு நிவேதா வீட்ல சொல்றாங்கம்மா. ஆனி முடியறதுக்குள்ள வந்துரு," என்றான்.

மருமகள் வீட்டில் சொல்கிறார்களாம். ஆடியாவது ஆவணியாவது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தெட்டு வருஷம், ஆடி அமாவாசையன்றும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். எனக்கு மாசம் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறான். "சரி சாமி" என்று வைத்துவிட்டேன்.

மே மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததிலிருந்து இதே பேச்சு. அறுபத்தொன்பது வயதில் தனியாக இருக்கக் கூடாதாம். இந்த ஃபிளாட்டை வாடகைக்கு விடப் போகிறான். பிள்ளை ஆசையாகக் கூப்பிடும்போது வரமாட்டேன் என்றால் திமிர் என்பார்கள். எனக்குச் சம்மதம்தான். சம்மதமில்லை என்று யார் சொன்னது?

ஜூலை 2, செவ்வாய்

பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினேன். ஒரு வாணலி, ஒரு குக்கர், ஒரு டம்ளர் மட்டும் வெளியே.

அசோசியேஷன் செகரட்டரி கனகசபாபதி வந்தார். மில்லில் எஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். குள்ளம், வழுக்கை, கையில் எந்நேரமும் ஒரு ஸ்பேனர். நான் விழுந்த அன்று கதவை உடைத்து என்னைத் தூக்கியவர் இவர்தான். மறுநாளே பாத்ரூம் சுவரில் ஸ்டீல் கைப்பிடி ஒன்றும் மாட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வந்து, அது ஆடுகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார். கான்கிரீட் சுவரில் அடித்த ஸ்க்ரூ வாரத்துக்கு ஒரு தரம் ஏன் லூஸாக வேண்டும் என்று நானும் கேட்டதில்லை.

இன்றைக்கு வேறு விஷயம். முதல் மாடி ஹாலில் சனிக்கிழமை சனிக்கிழமை பெரியவர்களுக்குப் படம் போடுகிறார். இந்த வாரம் ஒரு பழைய இங்கிலீஷ் படம் கிடைத்திருக்கிறதாம்.

"நம்மாளுங்களுக்கு இங்கிலீஷ் புரியாதுங்க. கீழ தமிழ் எழுத்தும் இதுல வராதுங்க. நீங்க மைக்குல கூடக்கூடத் தமிழ்ல சொல்லிட்டே வந்தீங்கன்னா நல்லாருக்கும்ங்க, மேடம்."

"நான் மூட்டை கட்டிட்டு இருக்கறனுங்க. எனக்கு எங்கீங்க நேரம்?"

"கட்டாயமில்லீங்க. சும்மா பாத்துட்டுச் சொல்லுங்க," என்று ஒரு பென் டிரைவை டீவி மேல் வைத்துவிட்டுப் போனார். வேலை வாங்கத் தெரிந்த மனுஷன்.

ஜூலை 3, புதன்

பென் டிரைவை மாட்டினேன். முதல் காட்சியில் ஒரு நெட்டையன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மாளிகைக்குள் வருகிறான். ஒரு பெண் மாடிப்படியில் ஆப்பிள் தின்றபடி இறங்குகிறாள். எழுந்து டீவிக்குக் கிட்டே போய்விட்டேன். இது எங்கள் பியானோ படம். 1979-ல், ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி.

கதை இதுதான். நான்சி பணக்கார வீட்டுப் பெண். பேங்க்காரன் ஒருவனுக்கு நிச்சயமாகியிருக்கிறது. அவள் பியானோவுக்குச் சுதி சேர்க்க டாம் என்பவன் செவ்வாய்க்கிழமை தோறும் வருகிறான். எல்லாக் கட்டையும் சரியாகப் பேசும், ஒன்று மட்டும் அடுத்த செவ்வாய்க்குள் அபசுரமாகிவிடும். மறுபடி வருவான். அவ்வளவுதான் கதை. ஒரு கொலை இல்லை, வில்லன் இல்லை, யாருக்கும் வியாதி இல்லை. இதை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மனுஷனைப் பல் தெரிய உட்கார வைக்கிறான் என்றால் படம் எடுத்தவன் லேசுப்பட்ட ஆள் கிடையாது. அவள் பட்பட்டென்று பேசுகிறாள், அவன் அரை வினாடி தாமதித்துப் பதில் சொல்கிறான். அந்த அரை வினாடியில்தான் சிரிப்பு வருகிறது.

முதல் பாதியோடு நிறுத்திவிட்டேன். ரிமோட்டில் ஏதேதோ பட்டன்கள். எல்லாவற்றையும் ஒரு தரம் அழுத்திப் பார்த்தேன். அதை விடு.

செகரட்டரிக்குப் போன் போட்டு, மைக்கில் தமிழ் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

செகரட்டரி இரண்டு தரம் வந்தார். முதல் தரம் மைக் சரியாக இருக்கிறதா என்று கேட்க. இரண்டாம் தரம், பியானோவுக்கு என்ன தமிழ் சொல்லப் போகிறேன் என்று கேட்க. பியானோவுக்குப் பியானோதான் என்றேன். "கரெக்டுங்க" என்று தலையாட்டிக்கொண்டு போனார். இதற்கு மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார். லிஃப்ட் வேறு ரிப்பேர்.

ஜூலை 6, சனி

ஹாலில் இருபத்தெட்டுப் பேர். எதிர் ஃபிளாட் பழனாத்தா அக்கா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மைக்கைப் பிடித்ததும் பழைய குரல் தானாக வந்துவிட்டது. முதலில் படத்தில் இருப்பதை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் நான்சி எங்கள் ஊர்ப் பெண்ணாகிவிட்டாள். "ஏனுங்க, போன வாரந்தான வந்தீங்க? அதுக்குள்ள இந்தக் கட்டைக்கு என்னாச்சுங்க?" என்று நான் சொன்னதும் ஹாலே குலுங்கியது.

ஒரு இடத்தில் இரண்டு பேரும் பியானோவுக்கு இருபக்கமும் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே மொழிபெயர்க்க என்ன இருக்கிறது? ட்ரங்க் காலில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் குறுக்கே புகுந்து கேட்ட பழக்கத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மூணு நிமிஷம் முடிஞ்சுதுங்க. எக்ஸ்டெண்ட் பண்ணட்டுங்களா?" என்றேன். சுவரோரம் நின்ற செகரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

பாதியில் நிறுத்துவது இங்கே வழக்கம். ஒரேயடியாக உட்கார யாருக்கும் முட்டி இல்லை, ஐந்து மணிக்கு சீரியல் வேறு. "மீதி அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்குங்க, மேடமே சொல்லுவாங்க," என்று அறிவித்தார்.

"அடுத்த சனிக்கிழமை நான் ஹைதராபாத் போறனுங்க. அஞ்சு நாப்பதுக்கு ரயிலு," என்றேன்.

மூட்டை கட்டுகிறேன் என்றதை ஏதோ நாலு நாள் பயணம் என்று நினைத்திருக்கிறார். வாடகைக்கு விடும் விஷயம்கூட மதன் இன்னும் அசோசியேஷனில் சொல்லவில்லை போலிருக்கிறது. ஸ்பேனரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"திரும்பி எப்பங்க?"

"திரும்பறதில்லீங்க. குடி போறேன்."

"அப்படீங்களா," என்றார். கொஞ்சம் கழித்து, "அப்ப அந்தப் பென் டிரைவ நீங்களே வச்சுக்குங்க. மீதிய வீட்ல பாத்துக்கலாம்ங்க," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. மூன்று மணிக்கே படத்தைப் போட்டால் நான் முடித்துவிட்டே போகலாம். அது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

உள்ளதை எழுதிவிடுகிறேன். இந்தப் படத்தின் இரண்டாம் பாதியை நான் பார்த்ததே இல்லை.

கல்யாணமாகி மூன்றாம் மாதம். பம்ப்செட் கடைக்கு ஞாயிறு லீவு என்பதால் என் வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார். இடைவேளையில் முறுக்குப் பொட்டலத்தோடு வந்தவர், "கதை தெரிஞ்சு போச்சு. கடைசீல ரெண்டும் சேந்துக்கும். வெயிலுக்கு முந்தி வீடு போய்ச் சேரலாம் வா," என்றார். எழுந்து போனேன். பஸ்ஸில் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, மதனை உயிராக வளர்த்தார். போய் ஒன்பது வருஷம் ஆகிறது. எல்லாவற்றுக்கும் முடிவு முன்னாலேயே தெரியும் என்று நினைப்பார், அது ஒன்றுதான். இரண்டும் சேர்ந்துகொள்ளும் என்று டிக்கெட் கிழிப்பவனுக்கும்தான் தெரியும். எப்படிச் சேருகிறார்கள் என்பதற்குத்தானே ஐயா படம்.

மறுநாள் எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் முடிவு எப்படி என்று கேட்டார்கள். நன்றாக இருந்தது என்று பொய் சொன்னேன்.

ஜூலை 8, திங்கள்

புடவைகள் கட்டியாயிற்று. பென் டிரைவ் டீவி மேலேயே இருக்கிறது. தொடவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

செகரட்டரி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். "ஸ்ட்ராங்கா இருக்குதுங்க. வாடகைக்கு வர்றவங்களுக்கும் உதவும்," என்றார். அந்த ஸ்க்ரூவைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

காபி கொடுத்தேன். வெளியே ஒரே டம்ளர்தான் இருந்ததால் நான் குடிக்கவில்லை. அதைக் கவனித்துவிட்டு, பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். பிறகு, தன் வீட்டுக்காரம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, அதிலிருந்து வீட்டில் தான் காபியே போடுவதில்லை என்று சொன்னார். அரை வினாடி தாமதித்துத்தான் இவரும் பேசுகிறார்.

போகும்போது, "சனிக்கிழமை நாலேகாலுக்குக் கார் சொல்லியிருக்கறனுங்க. ஸ்டேஷன் ரோட்டுல நெரிசலா இருக்கும்," என்றார். யார் இவரைக் கேட்டது? எல்லோருக்கும் நல்லது செய்யும் ஆட்களோடு சண்டைகூடப் போட முடியாது.

ஜூலை 11, வியாழன்

நிவேதா பேசினாள். மதன் பக்கத்தில் இல்லை.

"அத்தை, உங்களுக்கு நெசமாவே வரப் புடிச்சிருக்குதுங்களா?"

"இதென்ன கேள்வி கண்ணு?"

"இல்லீங்க, இங்க பகல்ல யாரும் இருக்க மாட்டோம். நீங்க விழுந்ததுல அவருக்கு ஒரே பயம். வரலைன்னு நீங்க சொன்னா அவரு ரெண்டு நாள் மொகத்தத் தூக்கி வச்சுக்குவாரு. அப்பறம் சரியாயிருவாரு."

நல்ல மருமகள். பேச்சை மாற்றி, வத்தல் எவ்வளவு கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

நாளைக்குப் போகிறேன். பழனாத்தா அக்கா வந்து, "நீ போயிட்டா நான்சிப் புள்ளைக்கு யாரு பேசுவா?" என்று கேட்டார். அந்தக் கவலை எனக்கெதற்கு என்று எழுதத்தான் டைரியை எடுத்தேன். எழுத வரவில்லை.

ஜூலை 13, சனி

நாலேகாலுக்கு வாசலில் கார். பெட்டிகளை டிரைவர் தம்பி கொண்டுபோனார். கைப்பையையும் பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டி இறங்கினேன். போகிற வழியில் பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் முதல் மாடியில் நின்றேன்.

ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு பிரதி வைத்திருந்திருக்கிறார். மைக் அவர் கையில்.

"இப்ப அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுதுங்க... அவரு சரீங்கறாரு... இல்லீங்க, வேண்டாம்ங்கறாரு போல... இப்ப ரெண்டு பேரும் நிக்கறாங்க."

"நிக்கறது எங்களுக்குந்தான் தெரியுது," என்றார் பழனாத்தா அக்கா.

ஆடிட்டில் மாட்டிய கிளார்க் மாதிரி வேர்த்துக்கொண்டிருந்தது அவருக்கு. நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். நான் ஒரு நிமிஷம்தான் நின்றிருப்பேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய பஸ்ஸும், கையில் முறுக்கும் வந்துபோயின. இன்னொரு தரமும் இடைவேளையில் எழுந்து போகிறாயே கமலவேணி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேரே போய் மைக்கை வாங்கினேன்.

"மேடம், கீழ வண்டி..." என்றார்.

"எக்ஸ்டெண்ட் பண்ணிக்கலாம்ங்க," என்றேன். அது மைக்கில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

இரண்டாம் பாதி. எழுதாமல் விட மனமில்லை. பேங்க்காரன், பியானோவை ரிப்பேர் பார்த்தே சலித்துப்போய், புதிதாக ஒன்று வாங்கித் தந்துவிடுகிறான். பழையதைத் தூக்கிப் போக ஆட்கள் வருகிறார்கள். டாம் கடைசித் தடவையாக வந்து, அந்தக் கட்டையை வாரா வாரம் சரியாக முறுக்காமல் விட்டுப் போனது தான்தான் என்று ஒப்புக்கொள்கிறான். நான்சி பேசாமல் பியானோ மூடியைத் தூக்கி, உள்ளே தந்தியில் செருகியிருந்த தன் ஹேர்பின்னை எடுத்துக் காட்டுகிறாள். அவன் விட்டதை அவளும் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அழுகை கிடையாது, கட்டிப் பிடிப்பது கிடையாது. ஒரு ஹேர்பின். எப்பேர்ப்பட்ட ஆள் யோசித்திருப்பான் இதை. அவன் அரை வினாடி தாமதித்து, அப்படியானால் அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை என்கிறான். அதற்கு அவள் சொல்வதை நான் இப்படிச் சொன்னேன்:

"பியானோவுக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க சும்மாவே வாங்க."

மைக் வைத்துக்கொண்டு அழுவது மகா கஷ்டம், மூக்கை உறிஞ்சினால் ஸ்பீக்கரில் கேட்கும். கேட்டது.

விளக்கைப் போட்டபோது மணி நாலு ஐம்பத்தைந்து. கார் டிரைவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார்.

செகரட்டரி, "இப்பக் கெளம்புனாக்கூட ஒருவேளை..." என்று ஆரம்பித்தார். அவரை ஒரு பார்வை பார்த்தேன். போய்ப் பெட்டிகளை மேலே ஏற்றச் சொன்னார்.

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. முதல் தேதியிலிருந்தே பிடிக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் மதனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "நான் ஒருக்கா வழுக்கி விழுந்தேன். அவ்வளவுதான் சாமி, நான் இன்னும் முடிஞ்சு போயிறல. என்ற வீட்லயே இருக்கறேன்."

"ஒரு படத்துக்காகவாம்மா ரயில விட்ட?" என்றான்.

"பாதிப் படத்துக்காக," என்றேன். போனை வைத்துவிட்டான். நிவேதா சொன்ன இரண்டு நாள் இன்றிலிருந்து ஆரம்பம்.

பதினோரு மணிக்குக் கனகசபாபதி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒரு விசயம் சொல்லணும்ங்க. அந்தப் படத்துல தமிழ் எழுத்து வருமுங்க. எனக்குத் தெரியும். வராதுன்னு பொய் சொல்லிட்டேன்."

"ரிமோட்டுல பச்சைப் பட்டனுக்குப் பக்கத்துப் பட்டன்," என்றேன்.

அவர் ரிமோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணாம் தேதியே அமுக்கிப் பாத்துட்டனுங்க. அந்தத் தமிழப் படிச்சா பியானோவே அழுகும். அதனாலதான் பேச ஒத்துக்கிட்டேன்."

அதனால்தான் ஒத்துக்கொண்டேன் என்று அவரிடம் சொன்னேன். இங்கேயும் அப்படியே எழுதியிருக்கிறேன். ஆனால் நேற்று அந்த ஒரு பட்டனை அமுக்கியிருந்தால் இந்த மனுஷன் தப்பித்திருக்கலாம். இருபத்தெட்டுப் பேர் முன்னால் வேர்த்து வழிந்துகொண்டு நின்றாரே ஒழிய அமுக்கவில்லை. அதை நினைத்து நாள் முழுக்கச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

கைப்பிடி பார்க்க யாரும் வரவில்லை. மோட்டார் ரிப்பேராம். மோட்டார் சத்தம் நன்றாகத்தான் கேட்கிறது.

சாயங்காலம் மதன் பேசினான். சரியாக இரண்டு நாள். "சரி, அடுத்த வாரத்துக்கு டிக்கெட் பாக்கட்டா?" என்றான்.

"நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடில குடி போகக் கூடாதுன்னு உங்க மாமியார் சொல்லல? பெரியவங்க சொன்னா மதிக்கணும் கண்ணு."

பின்னால் நிவேதா சிரிப்பது கேட்டது.

"அப்ப ஆவணில?"

"ஆவணிலயும் இங்கதான். நீங்க தீபாவளிக்கு வாங்க," என்றேன். அவனும் சிரித்துவிட்டான்.

ஜூலை 17, புதன், ஆடி 1

காலையில் மணி அடித்தது. கனகசபாபதி. கையில் ஸ்பேனர்.

"நேத்து வர முடியலீங்க. அந்தக் கைப்பிடிய ஒருக்காப் பாத்துட்டுப் போயிரலாம்னு..."

"கைப்பிடி நல்லாத்தான் இருக்குதுங்க," என்றேன்.

"அப்படீங்களா. அப்பச் சரீங்க," என்று திரும்பி ஒரு படி இறங்கிவிட்டார். அரை வினாடி இப்போது எனக்குத் தாமதமாகிவிட்டது.

"போகச் சொன்னனுங்களா? உள்ள வந்து உக்காருங்க."

ஸ்பேனரை வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கை காலியாக இருந்ததால் அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பாலை அடுப்பில் வைத்துவிட்டு, 'ஹைதராபாத்' என்று நானே பெரிதாக எழுதி ஒட்டியிருந்த அட்டைப்பெட்டியின் கயிற்றைக் கத்தியால் அறுத்து, இன்னொரு டம்ளரை எடுத்தேன்.